ஊருக்குப் போறீங்களா? நாயை யார் வீட்டில் விடப் போறீங்க?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் பக்கத்து வீடுகளில் வேன் பேசியாகிவிடும். துண்டு, எண்ணெய், கட்டுச்சோறு எல்லாம் ஞாபகமாக எடுத்து வைப்பார்கள். வண்டி வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான் படிக்கட்டில் படுத்திருக்கும் ஜீவன் தலையைத் தூக்கிப் பார்க்கும். "ஏங்க, இதை என்ன செய்றது?"

அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. கூட்டுக் குடும்பம். எல்லாரும் ஊருக்குப் போனாலும் ஒரு பாட்டியோ சித்தப்பாவோ வீட்டில் இருப்பார்கள். நாயும் வாசல் நாய்தான்; மிச்சச் சோறு தட்டில் விழும், தெருவே அதற்கு வீடு. இன்றைக்கு நிலைமை வேறு. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மாடியில் ஒரு வீடு. நாய் உள்ளே படுக்கிறது. ஃபேன் இல்லாவிட்டால் தூங்காது. அதைச் சங்கிலியில் கட்டிப்போட்டு, "பக்கத்து வீட்டு மதினி ஒரு நேரம் சோறு வைப்பாங்க" என்று கிளம்பிவிட்டால், திரும்பி வரும்போது நீங்கள் விட்டுப்போன நாயாக அது இருக்காது.

கூடவே அழைத்துப் போகலாமே என்றால், அதுவும் சுலபமில்லை. ரயிலில் முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் உங்கள் பேரில் எடுத்தால்தான் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். கோயில் ஊர்களில் தங்கும் இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆகவேதான் சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில், நாயை இன்னொருவர் தன் வீட்டிலேயே, தன் வீட்டு நாய் மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நம்ம பக்கம் பெரும்பாலும் இது பழக்கத்தின் பேரில் நடக்கிறது. "அண்ணாச்சி, நாலு நாளைக்கு நம்ம டைகரை வச்சுக்கோங்க" என்று சொல்லி விட்டுப் போவதுதான். காசு கொடுத்தாலும் சரி, பழக்கத்துக்குச் செய்தாலும் சரி, இதில் இரண்டு குடும்பங்களின் ஆரோக்கியம் சம்பந்தப்பட்டிருக்கிறது. நாயைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டு, அதை வைத்துக்கொள்ளும் வீட்டில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தையை மறந்துவிடக் கூடாது.

கூண்டா? வீடா?

நாய் பழக்கத்துக்கு அடிமை. இத்தனை மணிக்கு வெளியே போகணும், இத்தனை மணிக்குச் சாப்பாடு, இந்த மூலையில் தூக்கம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. நாலா பக்கமும் கம்பி, பக்கத்துக் கூண்டில் இருபது நாய்களின் குரைப்பு, யாரென்றே தெரியாத ஆள் என்று ஒரே நாளில் எல்லாம் மாறினால் பல நாய்கள் சாப்பிட மறுக்கும். வயிற்றுப்போக்கு வரும். உடம்பை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். நெருக்கமாக நாய்களை வைக்கும் இடத்தில் இருமல் நோய் ஒன்றுக்கு வந்தால் அத்தனைக்கும் வந்துவிடும். இந்த விஷயங்களில் வீடு நல்லது.

ஆனால் எல்லா நாய்க்கும் வீடுதான் சரி என்று சொல்லமாட்டேன். பூட்டிய கதவைத் திறக்கத் தெரிந்த நாய், ஆறடி மதிலைத் தாண்டுகிற நாய், முன்பு யாரையாவது கடித்திருக்கும் நாய்... இவற்றை ஒரு சாதாரணக் குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. நல்ல வேலி, பழகிய ஆட்கள், கூப்பிட்டால் வரும் டாக்டர் உள்ள பராமரிப்பு நிலையம்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வது உங்களுக்குச் சரி. உங்களிடம் ஒன்றும் பண்ணாது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1963-லேயே விலங்குகளைத் தங்கவைக்கும் இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புது விதிகளில், தொழிலாக வீட்டிலேயே நாய்களை வைத்துப் பார்ப்பதைத் தனிப்பிரிவாகவே சேர்த்துவிட்டார்கள். அதில் ஒரு விஷயம் நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியது: வேறு வேறு வீட்டு நாய்களை ஒரே நேரத்தில் சேர்த்து வைப்பதாக இருந்தால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நம்ம ஊரில் இதையெல்லாம் நாமேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. "உங்க வீட்டில் அந்த நாலு நாளும் வேற நாய் வருமா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு பெருமையும் இன்னொரு தலைவலியும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயரையே இனப்பெயராகக் கொண்ட நாய்கள் இந்த மண்ணில் பிறந்தவை. 2005-ல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இடம்பெற்ற நான்கில் ராஜபாளையமும் ஒன்று.

இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. ராஜபாளையம் பெரும்பாலும் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளும். அன்னியர் தொட்டால் பிடிக்காது. லேப்ரடாரை முதல் நாளே யார் வீட்டிலும் விட்டுவிடலாம், பிஸ்கட் கொடுத்தவர்களோடு போய்விடும். ராஜபாளையத்தை அப்படி விட முடியாது. பயணத்துக்கு மூன்று, நாலு வாரம் முன்பே அந்த வீட்டுக்கு அழைத்துப் போங்கள். முதல் தடவை வாசலில் கால் மணி நேரம். அடுத்த தடவை உள்ளே, அவர்கள் கையால் சாப்பாடு. அதற்கடுத்து நீங்கள் இல்லாமல் ஒரு பகல், பிறகு ஓர் இரவு. இத்தனைக்கும் அது உறுமிக்கொண்டே இருந்தால், அந்த ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். பழகிய ஆள் ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவதுதான் அதற்கு ஏற்றது.

முழு வெள்ளை, ரோஜா நிற மூக்கு என்றால்தான் 'அசல்' என்று நம்ம ஆட்களுக்கு ஓர் ஆசை. அந்த வெள்ளையோடு சேர்ந்தே இந்த இனத்தில் பிறவிச் செவிடும் அதிகமாக வருகிறது. உங்கள் நாய்க்குக் காது கேட்கிறதா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால், அது தூங்கும்போது பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். காது கேளாத நாய் கெட்ட நாய் இல்லை. ஆனால் தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்துபோய்க் கடித்துவிடும். வைத்துக்கொள்கிற வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எழுப்புவதற்கு முன்னால் தரையைக் காலால் தட்டினால் அந்த அதிர்வில் விழித்துக்கொள்ளும். இன்னொன்று, இப்படிப்பட்ட நாய் கயிறு இல்லாமல் தெருவுக்குப் போகவே கூடாது. லாரி ஹாரன் அதற்குக் கேட்காது.

சிப்பிப்பாறை ஓட்டக்காரன். முயல் விரட்டிய பரம்பரை. பக்கத்து வீட்டில் கோழியோ பூனையோ ஓடினால் உங்கள் கையில் கயிறு இருக்காது! மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டில் இதை நாலு நாள் அடைத்து வைத்தால் மெத்தை பஞ்சாகிவிடும். காலையும் மாலையும் நன்றாக நடத்திக் கூட்டிப் போகிற ஆள் உள்ள வீடாகப் பாருங்கள். வயதான தம்பதி ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம். கயிற்றோடு இழுத்து ஒரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடும். அந்த வயதில் அது சின்ன விஷயமில்லை.

ஊசிச் சீட்டு இல்லாமல் வாசல்படி ஏற்றாதீர்கள்

இதுதான் முக்கியமான பகுதி. இரண்டு தரப்பும் கவனமாகப் படியுங்கள்.

வெறிநோய் (ரேபிஸ்) அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை என்று சொல்லிவிடலாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பிள்ளைகள் கடிபட்டதை வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடுவதும் உண்டு.

நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, அதன் பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தொடர்ந்து போட வேண்டும். நம்ம ஊரில் ஆண்டுக்கு ஒரு தடவை போடுவதுதான் வழக்கம். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு, மூன்று வாரம் ஆகும். பயணத்துக்கு முந்தின நாள் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டு, "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஜூலை 6-ம் தேதியை ஒட்டியும், உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டியும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். ஜூலை 6 ஏன் தெரியுமா? 1885-ல் அந்த நாளில்தான் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசியை முதல்முதலாகப் போட ஆரம்பித்தார்.

வெறிநோய் ஊசி மட்டும் போதாது. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியும் வேண்டும். பார்வோ என்பது ரத்தமாக வயிற்றுப்போக்கு போய், குட்டிகளை இரண்டு, மூன்று நாளில் கொண்டுபோய்விடும் நோய். அந்தக் கிருமி தரையில், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது; பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் வேலை செய்யும். போன மாதம் பார்வோவில் குட்டி செத்துப்போன வீட்டில், ஊசி முடியாத உங்கள் குட்டியை விடவே விடாதீர்கள்.

எலிக்காய்ச்சல் மனிதனுக்கும் வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், தீனி மூலம் நாய்க்கு. நாயின் சிறுநீர் மூலம் நமக்கு. விருதுநகரில் பருப்பும் வத்தலும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிட்டங்கிகள் உள்ள தெருக்களில் எலிக்குப் பஞ்சமா? அங்கே நாயை வைத்துக்கொள்கிறவர்கள் அதன் தண்ணீர்ச் சட்டியை இரவில் கவிழ்த்து வைத்து, காலையில் புதிதாக ஊற்ற வேண்டும். மூத்திரத்தைச் சுத்தம் செய்யும்போது வெறுங்கால் வேண்டாம், கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். கிட்டங்கிப் பக்கம் இன்னொரு ஆபத்து எலி மருந்து. வீட்டு நாய் அந்த மூலைக்குப் போகாது, அதற்குத் தெரியும். விருந்தாளி நாய்க்குத் தெரியாது. தின்றால் ரத்தம் உறையாமல் போய், இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் தெரியும். தின்றது தெரிந்த உடனே, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

உண்ணியையும் லேசாக நினைக்காதீர்கள். பழுப்பு நிற நாய் உண்ணி சுவர் இடுக்கிலேயே குடித்தனம் நடத்தும். நாலு நாள் தங்கிய நாய் போய்விடும், உண்ணி போகாது! நாய்க்கு அது காய்ச்சலையும் ரத்தச் சோகையையும் கொண்டுவரும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு உண்ணி மருந்தும், குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். பருத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிற வேலை வேண்டாம். நாய் தோலை நக்கும். அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

கடித்துவிட்டால்?

ஊசி போட்ட நாய்தானே என்று விடாதீர்கள். காயத்தை உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. கட்டு இறுக்கிப் போடவும் கூடாது. அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ம் நாள் என்று நாலு தடவை. ரத்தம் வரும் அளவு ஆழமாகப் பட்டிருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பெரியவர்கள் மனசில் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. நம் நாட்டில் அது 2005-க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் மாதிரியான இடங்களில் திசு வளர்ப்பு முறைத் தடுப்பூசிகள் வந்தபின் எல்லாம் மாறிவிட்டது. இப்போது ஊசி தோள்பட்டையில்தான்.

கடித்த நாயை 10 நாள் கவனிக்க வேண்டும். கடித்த சமயத்தில் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அந்த நாய் 10 நாளுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். 10 நாள் நன்றாக இருந்தால் பயமில்லை. ஊசி போடுவதை எப்போது நிறுத்தலாம் என்று டாக்டரே சொல்வார். நீங்கள் சுற்றுலா முடிந்து நாயை அழைத்துப் போனாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு 10 நாள் முடியும்வரை தகவல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சங்கடப்பட்டுக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பது பாவம்.

அடிக்கடி மற்றவர்கள் நாயை வைத்துப் பார்க்கிறவர்கள் கடிபடும் முன்பே ஊசி போட்டுக்கொள்வது நல்லது. முதல் நாள், 7-ம் நாள், 21 அல்லது 28-ம் நாள் என்று மூன்று ஊசி. அப்புறம் கடி பட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.

பட்டாசு ஊரில் தீபாவளி

சிவகாசிப் பக்கம் தீபாவளி வரை ஆலைகளில் ஓய்வே கிடையாது. முடிந்த கையோடு விடுமுறை. அப்போதுதான் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். நாய் அடுத்த வீட்டுக்குப் போவதும் அந்தச் சமயத்தில்தான். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் மலைக்குப் போகும்போது இன்னொரு தடவை. பங்குனிப் பொங்கலுக்கும் சத்தம் குறையாது.

"இந்த ஊர் நாய்க்குப் பட்டாசு பழகிப்போயிருக்கும்" என்று சொல்வார்கள். சிலவற்றுக்குப் பழகியிருக்கும். சிலவற்றுக்கு ஆண்டுக்கு ஆண்டு பயம் கூடும், குறையாது. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாய்க்கு 45,000-க்கும் அந்தப் பக்கம் கேட்கும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 1999-லேயே விதி வந்தது. அந்த அளவுக்குள் இருந்தாலும் நாய்க்கு அது இடிதான்.

சொந்த வீட்டிலாவது கட்டிலுக்கு அடியில் ஒரு மூலை தெரியும். புது வீட்டில் ஒளியவும் இடம் தெரியாமல் வாசல் வழியாக ஓடிவிடும். ஓடிய நாய் தன் வீட்டைத் தேடிப் போகும். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த வீடோ பூட்டிக் கிடக்கும். இப்படித்தான் பல நாய்கள் தொலைகின்றன, பைபாஸ் ரோட்டில் அடிபடுகின்றன. ஆகவே தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே அந்த வீட்டில் விட்டுவிடுங்கள், அல்லது தீபாவளி முடிந்து சத்தம் அடங்கிய பிறகு விடுங்கள். தீபாவளி அன்று மட்டும் வேண்டாம்.

2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்பது உங்களுக்கே தெரியும்! ஆனாலும் அதை வைத்துத் திட்டம் போடலாம். அதிகாலை 5 மணிக்கும், மாலை 5 மணிக்கும் நாயை வெளியே கூட்டிப் போய்வந்து, சாப்பாடும் கொடுத்துவிட வேண்டும். பிறகு நடு அறையில், ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டி.வி.யையும் போட்டு, உங்கள் பழைய சேலையோ சட்டையோ விரித்த படுக்கையில் விட வேண்டும். உங்கள் வாசனைதான் அதற்குத் தைரியம். கழுத்துப்பட்டியில் போன் நம்பர் கண்டிப்பாக இருக்கட்டும். உங்களுடையது, வைத்திருப்பவருடையது இரண்டும்.

பயந்து வரும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் அதிகமாகும் என்று முன்பு சொல்வார்கள். அப்படியில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தாராளமாகத் தடவிக்கொடுக்கலாம். வரவில்லையா, ஒளிந்த இடத்திலிருந்து இழுக்காதீர்கள். போன வருஷம் கைகால் உதறி, எச்சில் வடித்து, கதவைப் பிறாண்டிய நாய் என்றால் இந்த வருஷம் முன்கூட்டியே கால்நடை டாக்டரிடம் பேசுங்கள். பயத்தைக் குறைக்கும் நல்ல மருந்துகள் இப்போது இருக்கின்றன. உடம்பை மட்டும் மயக்கி, மனசுக்குள் பயத்தை அப்படியே வைத்திருக்கும் பழைய மருந்துகளும் இருக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது, மனிதருக்கான தூக்க மாத்திரை கூடவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பட்டாசுப் பெட்டி இருக்கும் அறையில் நாயை அடைக்காதீர்கள். வெடிக்காத பட்டாசு, எரிந்த குப்பை எதுவாக இருந்தாலும் மோந்து பார்த்துக் கடித்துவிடும். அதிலுள்ள உப்புகளும் உலோகத் தூளும் வாந்தி, நடுக்கம் வரை கொண்டுபோகும். தீக்குச்சி மருந்தும் அப்படித்தான். மறுநாள் காலை வாசலைக் கூட்டிய பிறகே நாயை வெளியே விட வேண்டும்.

வெயிலும் பரோட்டாவும்

சித்திரை, வைகாசியில் நம்ம கரிசல் பூமி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். தகரக் கொட்டகை, மொட்டை மாடி, கார் ஷெட் இதிலெல்லாம் கட்டிப்போட்டால் மதியத்துக்குள் உயிர் போய்விடும். நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி. நமக்குக் காய்ச்சல் என்று நினைக்கும் அளவு அதற்குச் சாதாரணம். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. மூச்சு இரைத்து, ஈறு செக்கச்செவேலென்று சிவந்து, தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப் போய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேனுக்கு அடியில் வைத்து, அப்படியே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் விருந்தோம்பல்தான் எதிரி. "பாவம், வீட்டுக்கு வந்த நாய்" என்று விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைச் சால்னாவில் பிச்சுப் போடுவார்கள். சாத்தூர் சேவு ஒரு பிடி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு துண்டு. அவ்வளவு கொழுப்பும் காரமும் ஒரே நாளில் போனால் வாந்தி, பேதி, சிலவற்றுக்குக் கணையமே வீங்கிவிடும். வெங்காயம், பூண்டு அதிகம் போனால் நாயின் ரத்த அணுக்கள் உடையும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து தொண்டையில் குத்தும். நாய் முனகுகிறதே என்று பாராசிட்டமால், வலி மாத்திரை கொடுப்பதும் வேண்டாம். நாலு நாளைக்கும் சேர்த்து, வழக்கமாகச் சாப்பிடும் தீனியை வேளைக்கு ஒரு பொட்டலமாக நீங்களே கட்டிக் கொடுத்துவிடுங்கள். பொட்டலம் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மனசு கேட்காதவர்களுக்கு ஒன்று: உப்புப் போடாமல் வேகவைத்த முட்டை ஒன்று கொடுக்கலாம்.

முதல் நாள் நாய் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். வளர்ந்த நாய் தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டாம் நாளும் தொடவில்லை, அல்லது தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தியோ ரத்தப்போக்கோ இருக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. குட்டியாக இருந்தால் ஒரு வேளை விட்டாலே கவனிக்க வேண்டும்.

கையில் கொடுக்க வேண்டிய தாள்

வாயால் சொன்னது மறந்துவிடும். ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுங்கள். வழக்கமான டாக்டர் யார், ராத்திரியில் போனால் எங்கே போவது, மாத்திரை இருந்தால் எந்த நேரத்துக்கு எவ்வளவு, எதைக் கண்டால் பயப்படும், எங்கே தொட்டால் பிடிக்காது, முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா... கடைசிக் கேள்விக்கு உண்மையை எழுத வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு நான் பொறுப்பு, என்னைப் போனில் பிடிக்க முடியாவிட்டாலும் டாக்டர் சொல்கிறபடி செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள். சபரிமலைப் பாதையில் போன் கிடைக்காமல் போகிற நேரத்தில் அந்தத் தாள்தான் பேசும். பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போக வண்டி வசதியும் முன்பே பேசி வைக்கலாம்.

பெட்டை நாய் பருவத்தில் இருக்கும் சமயம் என்றால் ஆண் நாய் உள்ள வீட்டில் விட வேண்டாம். இரண்டு மாதம் கழித்து ஆறு குட்டிகளோடு சண்டை வரும். கர்ப்பிணிகள், கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர் உள்ள வீடுகளில் கேட்கவே வேண்டாம். அவர்கள் 'சரி' என்று சொன்னாலும், சங்கடத்துக்காகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். எந்த வீடாக இருந்தாலும், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையும் புது நாயும் பெரியவர் கண் படாமல் ஒரே அறையில் இருக்கக் கூடாது. நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டேயே போகக் கூடாது என்று பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் நாய் குதித்துக் கூத்தாடும். அப்புறம் ஒரு நாள் முழுக்க அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். இரண்டுமே இயல்புதான். வந்த அன்றே காது மடல், கால் விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் தடவி உண்ணி இருக்கிறதா பாருங்கள். அடுத்த பத்து, பதினைந்து நாளுக்குள் வறட்டு இருமல், காய்ச்சல், மூக்கில் ரத்தம் எது தெரிந்தாலும் "நாலு நாள் வேற வீட்டில் இருந்துச்சு டாக்டர்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அங்கேயும் நாய் இருக்கலாமே. தீபாவளி விடுமுறைக்கு விடுவதாக இருந்தால், இப்போதே ஊசிச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஆடிப்பெருக்குக்குள் பழக்கப்படுத்த ஆரம்பித்தால் ஐப்பசியில் அந்த வீட்டு வாசலில் கால் வைக்க அது யோசிக்காது.